நிற்கும் எடை

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர் சொன்னது ஒரே வரி. "உள்பக்கம் இடைவெளி குறைஞ்சிருக்கு. தேய்மானம்தான்."

ஷெர்லின் வலியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்து நான் ஸ்கூட்டரை எடுக்கும்போது கேட்டாள். "தேஞ்சா இடைவெளி கூடத்தானேங்க செய்யும்? எப்படிக் குறையும்?"

என் மனைவிக்குப் பொன்மலைப் பணிமனையில் பேரிங் பிரிவில் வேலை. ரயில் பெட்டிகளின் அச்சிலிருந்து கழற்றி வரும் பேரிங்குகளைக் கழுவுவாள். உருளைக்கும் வளையத்துக்கும் நடுவில் மெல்லிய எஃகுத் தகடுகளைச் செருகி இடைவெளியை அளப்பாள். தடித்த தகடு தாராளமாக உள்ளே போனால் அந்த பேரிங் தேய்ந்துவிட்டது, ஒதுக்கிவிட வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அவளுக்குத் தேய்மானம் என்றால் இடைவெளி பெருகுவது. அவளுடைய முட்டி மட்டும் தலைகீழாகத் தேய்கிறது என்றார்கள்.

எனக்கு அதில் அக்கறை இல்லை. நான் ஒரு பார்சல் கிடங்கில் இரவு வேலை பார்க்கிறவன். பகலில் எனக்குத் தேவை தூக்கம்.

இரண்டு நாளில் பதிலை அவளே தேடி எடுத்தாள். எக்ஸ்ரேயில் காலியாகத் தெரியும் இடம் காலி இல்லை. இரண்டு எலும்பின் நுனியிலும் குருத்தெலும்பு மூடியிருக்கிறது. ஊரில் எல்லோரும் ஜவ்வு என்று சொல்வதில் இதுவும் சேர்த்தி. எக்ஸ்ரேயில் அது விழாது. அது மெலிய மெலிய எலும்புகள் கிட்டே வருகின்றன.

"கண்டுபிடிச்சாச்சுல்ல? தூங்க விடு" என்றேன்.

"இடம் எதுன்னுதாங்க தெரிஞ்சிருக்கு. அங்க என்ன நடக்குதுன்னு தெரியல."

அவளுக்கு அவசரமும் இருந்தது. இன்னும் மூன்று வாரத்தில் ரயில்வே ஆஸ்பத்திரியில் உடல்தகுதிப் பரிசோதனை. நின்று செய்யும் வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதிவிட்டால் பேரிங் பிரிவிலிருந்து எடுத்துவிடுவார்கள். பிறகு எந்த ஊரில் எந்த மேஜையில் போடுகிறார்கள் என்பது அவர்கள் இஷ்டம். பரிசோதனைக்கு முன்பே அவளாக விருப்பக் கடிதம் கொடுத்துவிட்டால் பொன்மலையிலேயே ஒரு நாற்காலி நிச்சயம். படிவங்களை வாங்கி முத்திரை குத்தித் திருப்பித் தரும் வேலை. கடிதம் வரும் திங்கட்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும்.

கையெழுத்துப் போடச் சொல்லி நான் பத்து தடவையாவது சொல்லியிருப்பேன். அவளுக்கு வெளியூரும் வேண்டாம், முத்திரையும் வேண்டாம். பேரிங்தான் வேண்டும்.

அந்த முட்டிக்காக அவள் செய்யாததும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் வலி ஆரம்பித்தபோதே ஒரு கணக்குப் போட்டாள். ஒரு பேரிங் இத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓடும் என்று இருப்பது போல முட்டிக்கும் ஓர் ஓட்டம் இருக்கும்; மிச்சப்படுத்தினால் நாள்பட வரும். அதனால் வேலை மேஜையையே மாற்றி அமைத்தாள். கழுவும் தொட்டி, அளக்கும் பலகை, கிரீஸ் டப்பா, பதிவேடு எல்லாம் கை நீட்டினால் எட்டும் வட்டத்துக்குள். நடுவில் தரையில் மஞ்சள் பெயிண்டில் இரண்டு பாதம் வரைந்தாள். அதில் ஏறி நின்றால் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை ஓர் அடி எடுத்து வைக்க வேண்டாம். பிரிவுப் பொறியாளர் மாதவன் அதைப் பார்த்து அசந்துபோய், படம் வரைந்து மேலே அனுப்பினார். அவருக்கு விருது வந்தது. மற்ற மூன்று மேஜைகளையும் அதே மாதிரி மாற்றினார்கள்.

வெளியிலும் இதே சிக்கனம்தான். சர்ச்சுக்கு நடப்பதில்லை, சந்தைக்கு நடப்பதில்லை, தெருமுனைக் கடைக்குக்கூட ஸ்கூட்டர். முட்டி மோசமாகிக்கொண்டே போனது. இன்னும் போதுமான அளவு மிச்சப்படுத்தவில்லை என்று நினைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் என்னைப் பொன்மலைச் சந்தைக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஷரபுன்னிசா அங்கே ஆட்டுத்தலையும் காலும் குடலும் விற்கிறவர். எங்களுக்குப் பல வருஷப் பழக்கம்.

"அக்கா, ஒரு மூட்டு வேணும். வெட்டாம, முழுசா."

"பாயாவுக்கா?"

"இல்லக்கா. பாக்கறதுக்கு."

ஷரபுன்னிசா என் பக்கம் திரும்பினார். "என்னப்பா பிரிட்டோ, வீட்டுல டிவி ரிப்பேரா?"

ஷெர்லின் ஒரு முட்டியைக் கையில் எடுத்தாள். ஷரபுன்னிசா அதை வாங்கித் திரும்ப வைத்துவிட்டார். "முட்டி சரிப்படாதும்மா. உள்ள பிறை மாதிரி ரெண்டு ஜவ்வு கெடக்கும். சுத்தி இருக்கற நாரை அறுத்துட்டா வழுக்கிக்கிட்டு ஓடிடும். தொடை சேர்ற எடத்தை எடுத்துக்க. பந்தும் கிண்ணமுமா இருக்கும். எந்த மூட்டா இருந்தா என்ன, உள்ள அதே பளபளப்புதான்."

கத்தி நுனியை எலும்பில் படாமல் உள்ளே விட்டு ஒரு திருகு திருகினார். சப்பென்று ஒரு சத்தத்தோடு பந்து வெளியே வந்தது. நெல்லிக்காய் அளவு. வெள்ளையில் லேசாக நீலம் ஓடியிருந்தது.

"குட்டிதான். அதான் நீலமா இருக்கு. கெழட்டு ஆடுன்னா மஞ்சளாயிருக்கும், தடவுனா சொரசொரன்னு இருக்கும். எல்லாரும் பல்லைப் பாத்து வயசு சொல்லுவாங்க. எனக்கு இதைப் பாத்தாப் போதும்."

ஷெர்லின் விரலை அதன் மேல் ஓட்டினாள். விரலை எடுத்தபோது முட்டை வெள்ளைக்கரு மாதிரி ஒரு நூல் கூடவே வந்தது. கட்டைவிரலால் அதைத் தேய்த்துப் பார்த்தாள். கிரீஸின் தரம் பார்க்க அவள் செய்கிற காரியம் இது.

"இந்தத் தண்ணியையும் ஒரு கிண்ணத்துல வழிச்சுக் குடுங்கக்கா."

"குடுக்கறேன். நீ யார்கிட்டயும் என் கடையில வாங்கினேன்னு சொல்லாத."

ரயில்வே குடியிருப்பில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் காலி இடம் உண்டு. அங்கே ஒரு மர ஸ்டூலில், சாமானை இறுக்கிப் பிடிக்கும் வைஸைப் பூட்டி வைத்திருந்தாள். தொடை எலும்பை வைஸில் இறுக்கினாள், பந்து மேலே பார்த்தபடி. கிண்ணம் இருந்த இடுப்பெலும்புத் துண்டைத் தொப்பி மாதிரி அதன் மேல் கவிழ்த்தாள். கிண்ணத்தின் முதுகில் ஓர் இரும்புப் பட்டையைத் திருகாணியால் முடுக்கினாள். பட்டையின் இரண்டு கைகளும் ஸ்டூலுக்கு இரண்டு பக்கமும் கீழே இறங்கின. ஒவ்வொரு கையிலும் ஐந்து லிட்டர் தண்ணீர் கேன்.

"மூடி வரைக்கும் ரொப்புங்க. உள்ள தண்ணி அலம்பினா அதுவே ஆட்டத்தை நிறுத்திடும்."

பத்துக் கிலோவும் அந்த நெல்லிக்காய் மேல் உட்கார்ந்திருந்தது. தள்ளிவிட்டால் ஊஞ்சல் மாதிரி ஆடும். எத்தனை தடவை போய் வந்து நிற்கிறது என்று எண்ணினால் உராய்வு எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஒப்பிட்டுப் பார்க்கத் தன் இரும்புச் சாமான் பெட்டியிலிருந்து ஏறக்குறைய அதே அளவில் ஒரு எஃகு உருண்டையும் பித்தளைக் கிண்ணமும் தேடி எடுத்தாள். கிரீஸ் பூசி முதலில் அதை ஆட்டினாள். பதினான்கு தடவை ஆடி நின்றது.

பிறகு ஆட்டின் மூட்டு. ஒரு சாண் தூரம் இழுத்து விட்டாள். நான் காக்கை விரட்டிக்கொண்டே எண்ணினேன். ஐம்பதில் எனக்குச் சலித்துவிட்டது. அது நிற்கவில்லை. நூற்றுப் பன்னிரண்டில் நின்றது.

"பித்தளையைப் போல எட்டு மடங்கு" என்றாள். பிறகு தன் முட்டியைக் குனிந்து பார்த்தாள், அங்கே யாரோ வந்து நிற்கிற மாதிரி. "இப்படிப்பட்ட ஒண்ணைப் போய் எப்படிங்க தேய்க்க முடியும்?"

அப்போதுதான் மாதவன் வந்தார். விருப்பக் கடிதத்தைத் தட்டச்சு செய்து ஒரு கோப்பில் வைத்து ஸ்ரீரங்கத்திலிருந்து பைக்கில் கொண்டுவந்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கோயிலைச் சுற்றியுள்ள வீதியில் வீடு. ஷெர்லின் பேரில் அவருக்கு மரியாதை அதிகம், அவளுக்கும் அப்படித்தான்.

"பாலத்துல ஒரே நெரிசல். மேடம், கையெழுத்துப் போட்டுட்டா நானே காலம்பற குடுத்துடறேன். நீங்க அலைய வேண்டாம்." அவர் கண் வைஸின் மேல் போனது. "என்ன அது?"

"ஆட்டு எலும்பு சார்."

மாதவன் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். சுவரைப் பார்த்தபடியே பேசினார். நல்லதைத்தான் சொன்னார். பரிசோதனையில் தோற்றுவிட்டால் ஈரோடோ சேலமோ யார் கண்டது. நாற்காலி வேலையில் மின்விசிறி உண்டு. முட்டிக்கும் ஓய்வு. நானும் கூடச் சேர்ந்துகொண்டேன். ஷெர்லின் எதிர்த்துப் பேசவில்லை. நாற்காலியில் அவள் என்ன செய்வாள், எத்தனை படிவம் வரும், மீதி நேரம் என்ன செய்வாள் என்று மட்டும் கேட்டாள். மாதவன் கடைசிக் கேள்விக்கு யோசித்தார். "போன் பாக்கலாம்" என்றார்.

இப்படியே நாற்பது நிமிஷம் போயிருக்கும். கடைசியில் அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள். "ஒரு தடவை பாத்துட்டுப் போங்க சார். நூத்திப் பன்னெண்டு ஆடுது. நம்ம வொர்க்ஷாப்புல இப்படி ஒரு பேரிங் நீங்க பாத்திருக்க மாட்டீங்க."

"நான் திரும்ப மாட்டேன். நீங்க எண்ணுங்கோ, நான் நேரம் பாக்கறேன்." செல்போனில் ஸ்டாப்வாட்சை எடுத்துச் சுவருக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

அவள் தள்ளினாள். கேன்கள் தயங்கித்தான் கிளம்பின. இருபத்தேழில் நின்றுவிட்டது.

"என்னங்க, எதையாவது தொட்டீங்களா?"

"காக்காயைத்தான் விரட்டினேன்."

பட்டை எங்காவது உரசுகிறதா என்று பார்த்தாள். இல்லை. கேனில் தண்ணீர் குறையவில்லை. "காஞ்சிருக்கும். கிரீஸ் போடணும்." ஷரபுன்னிசா கொடுத்த தண்ணீரைக் கிண்ணத்தின் விளிம்பில் சுற்றிலும் விட்டாள். மறுபடி தள்ளினாள். முப்பத்தொன்று.

பேரிங் பிரிவில் எல்லா நோய்க்கும் கிரீஸ்தான் மருந்து. அது பலிக்காத இடத்துக்கு அவள் வந்து சேர்ந்திருந்தாள். பேனா காதில் இருந்தது. கடிதத்தை மறந்துவிட்டாள்.

"சூடாகியிருக்குமோ?" என்று சுவரிடம் கேட்டார் மாதவன்.

"ஆடவே இல்லையே சார், சும்மாதானே தொங்கிக்கிட்டிருந்துச்சு."

கேன்களைக் கழற்றிக் கிண்ணத்தைத் தூக்கினாள். பந்தின் பளபளப்பு அப்படியே இருந்தது, உச்சியில் மட்டும் இல்லை. அங்கே சுண்டுவிரல் நகம் அளவுக்கு மங்கலாக, கொஞ்சம் அமுங்கிப் போயிருந்தது. கிண்ணத்தின் உள்ளேயும் அதற்கு நேராக ஒரு மங்கல்.

"சார், இதைப் பாருங்களேன்."

"வேண்டாம் மேடம்."

"தேயல சார். அமுங்கியிருக்கு."

மாதவன் திரும்பிவிட்டார். ஒரு பொறியாளரிடம் அப்படிச் சொன்னால் அவர் எந்தத் தெருக்காரராக இருந்தாலும் திரும்பத்தான் செய்வார். எழுந்து வந்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். மூன்று பேரும் அந்த நெல்லிக்காயைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஷெர்லின் அதன் மேல் உப்புத் தண்ணீரில் நனைத்த துணியைப் போட்டாள். கால் மணி நேரம் கழித்து எடுத்தபோது மங்கல் மறைந்திருந்தது. அமுங்கலும் ஏறக்குறைய இல்லை.

மறுபடி பூட்டித் தள்ளினாள். தொண்ணூற்றெட்டு.

"தண்ணி" என்றாள். "கிரீஸ் வெளியில இல்ல சார். அது உள்ளயே தண்ணி இருக்கு. எடையை அந்தத் தண்ணிதான் தாங்குது. எடை நகராம ஒரே எடத்துல நின்னா கொஞ்சம் கொஞ்சமா பிழிஞ்சு வெளிய போயிடுது. அப்புறம் வெறும் சக்கை சக்கையோட உரசுது. எடையை எடுத்தா திரும்ப உறிஞ்சிக்குது."

"ஒரே ஒரு தடவை பாத்ததை வெச்சுச் சொல்லக் கூடாது" என்றார் மாதவன். ஆனால் சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தார். "அதே நாப்பது நிமிஷம் தொங்கட்டும். இந்த வாட்டி நிமிஷத்துக்கு ஒரு தரம் எடையைத் தூக்கி விடணும். அப்போ எத்தனை ஆடறதுன்னு பாப்போம். பிரிட்டோ சார், நீங்க பலசாலியாட்டம் இருக்கேள்."

ராத்திரி முழுக்கப் பார்சல் தூக்குகிறவன், ஞாயிற்றுக்கிழமை பகலில் நாற்பது தடவை பத்துக் கிலோவைத் தூக்கிப் பிடித்தேன். நடுவில் மாதவனுக்கு வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. "தளிகை ஆயிடுத்தா? சாப்பிடுங்கோ, நேக்கு நாழியாகும். ஆபீஸ் வேலைதான். சத்தமா? காக்கா கத்தறது, வேற ஒண்ணும் இல்லை" என்றார்.

எண்பத்தாறு.

 நான்தான் கேட்டேன். "செத்த ஆடு. உயிரோட இருக்கற முட்டியும் இதுவும் ஒண்ணா?"

"ஒண்ணு இல்லதான்" என்றாள். "உயிரோட இருக்கறது இதைவிட நல்லா உறிஞ்சும்." பிறகு மாதவனிடம் கேட்டாள். "சார், நம்ம மேஜையில நான் எங்க நிக்கறேன்?"

 மாதவனுக்குத் தெரியும். மஞ்சள் பாதம் இரண்டையும் அளந்து படத்தில் போட்டவர் அவர்தான்.

"ஓட்டத்தை மிச்சம் பிடிக்கறேன்னு நெனச்சேன். ரெண்டு வருஷமா அதைப் பிழிஞ்சுக்கிட்டு நின்னிருக்கேன். நாற்காலியில எடை இருக்காது, சரி. ஆனா அமுக்கறதும் விடறதும் இல்லன்னா அது எதை உறிஞ்சும்?" பேனாவைக் காதிலிருந்து எடுத்து அவரிடம் நீட்டினாள். "கையெழுத்து வேணாம் சார். மூணு வாரம் மேஜையைப் பிரிச்சுப் போட்டுக்கறேன். தொட்டி ஒரு மூலையில, பலகை ஒரு மூலையில."

"என்ன உளர்ற" என்றேன். "பரிசோதனையில தோத்துட்டா?"

"தோத்தா போறேன்."

மாதவனுக்கு அவள் போவதைவிட மேஜைதான் பயமாக இருந்தது என்று நினைக்கிறேன். அதை மறைக்கவும் இல்லை. "அந்த அமைப்பு என் பேர்ல இருக்கு மேடம். என் மேஜைக்குப் பின்னாடி போட்டோ மாட்டியிருக்கு. நானே வந்து தப்புன்னு எப்படிச் சொல்றது? மத்த மூணு பேரும் அங்கதான் நிக்கறா." கோப்பை மூடினார். "எழுத்துல ஒண்ணும் தர மாட்டேன். நீங்களா நகர்த்திண்டா நான் பாக்கல."

மறுநாளே நகர்த்திவிட்டாள். ஒவ்வொரு பேரிங்குக்கும் தொட்டியிலிருந்து பலகைக்கு, பலகையிலிருந்து பதிவேட்டுக்கு, திரும்பத் தொட்டிக்கு. முப்பது கிலோ பேரிங்கைத் தூக்க மேலே கப்பி இருக்கிறது, அதைத் தள்ளிக்கொண்டு கூடவே நடப்பாள். பக்கத்து மேஜைக்காரர் பிச்சமுத்து முதல் நாளே ஆரம்பித்தாராம். "என்னக்கா, வொர்க்ஷாப்புக்குள்ளயே சிலுவைப்பாதையா? எத்தனாவது ஸ்தலம்?" இரண்டாம் நாள் பேரிங் எண்ணிக்கை குறைந்தது. முன்பு பதினொன்று முடிப்பாள், இப்போது ஒன்பது. மாதவன் பதிவேட்டைப் பார்த்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போனாராம்.

முதல் வாரம் வலி அதிகமானது. நான் சொன்னேனே என்று சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது, சொன்னேன். இரண்டாம் வாரம் முன்பிருந்த அளவே இருந்தது. மூன்றாம் வாரம் சர்ச்சில் முழந்தாளிட்டு எழும்போது முன்பெஞ்சைப் பிடிக்காமல் எழுந்தாள். அதை நான் அவளிடம் சொல்லவில்லை. அவளே வீட்டுக்கு வந்து குறித்து வைத்தாள்.

பரிசோதனை அன்று லீவு போட்டுவிட்டு நானும் போனேன். டாக்டர் ரஞ்சனி கண்டிப்பானவர் என்று பெயர். முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்தார், அமுக்கிப் பார்த்தார், எக்ஸ்ரேயைப் பார்த்தார். பிறகு படிவத்தை எடுத்து வாசித்தார்.

"எட்டு மணி நேரம் தொடர்ந்து நிக்க முடியுமா?"

வீட்டிலிருந்து கிளம்பும்போதே இதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். முடியும் என்று ஒரு வார்த்தை.

"முடியாதுங்க டாக்டர்" என்றாள். "அப்படி நிக்கவே கூடாது. நடக்க விட்டா எட்டு மணி நேரமும் வேலை பாப்பேன்."

 டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"யாரு சொன்னா?"

"ஆட்டு மூட்டை வச்சுப் பாத்தேங்க." எல்லாவற்றையும் சொன்னாள். நூற்றுப் பன்னிரண்டு, இருபத்தேழு, முப்பத்தொன்று, தொண்ணூற்றெட்டு, எண்பத்தாறு.  டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தண்ணிதான் எடையைத் தாங்குதுன்னு எப்படித் தோணுச்சு?"

"கிரீஸ் போட்டுப் பாத்தேன், வேலைக்காகல. எடையை எடுத்ததும் சரியாச்சு. வேற என்ன இருக்க முடியும்?"

"சரிதான்" என்றார் டாக்டர். "குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. சுத்தி இருக்கற தண்ணியிலேர்ந்துதான் சாப்பாடு வரணும். அமுக்கி விட்டாத்தான் போய் வரும். உங்க ஆட்டுக்கு அது வேலை செய்யும், உங்களுக்கும் செய்யும். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. தேஞ்சுபோனது திரும்ப வளராது. இருக்கறதை வேணா ஒழுங்கா வச்சுக்கலாம். எவ்வளவு நாளைக்குன்னு என்னால சொல்ல முடியாது."

"அதுக்கு நரம்பும் இல்லன்னு படிச்சேன். அப்ப எனக்கு வலிக்கறது எது டாக்டர்?"

"அடியில இருக்கற எலும்பு. மூட்டைச் சுத்தி இருக்கற உறை. அது கத்தறதுக்குள்ள இது பாதி போயிருக்கும். இதுக்குச் சொல்லத் தெரியாது." படிவத்தைத் திருப்பினார். "இதுல முடியும், முடியாது, ரெண்டு கட்டம்தான் இருக்கு. நீங்க முடியாதுன்னு சொல்லிட்டீங்க."

முடியாது என்ற கட்டத்தில்தான் போட்டார். அதன் கீழே, கோட்டுக்கு வெளியே, இரண்டு வரி எழுதினார். நடமாட்டத்தோடு செய்யும் வேலை அதே பிரிவில் இருந்தால் அங்கேயே வைத்துக்கொள்ளலாம். ஆறு மாதத்தில் மறுபரிசோதனை.

வெளியே வந்ததும் நான் கத்தினேன். "ஒரு வார்த்தை பொய் சொன்னா என்ன? உன்னை யாரு விசாரிக்கப் போறா?"

"முடியும்னு சொன்னா திரும்ப அதே பாதத்துல கொண்டு போய் நிறுத்துவாங்க" என்றாள். "அதுக்கு இதெல்லாம் எதுக்குங்க?"

நடமாட்டத்தோடு செய்யும் வேலை பேரிங் பிரிவில் இருக்கிறதா என்று பிரிவுப் பொறியாளர் எழுதித் தர வேண்டும். இருக்கிறது என்று எழுதினால் அதற்கு மேஜை அமைப்பின் படமும் இணைக்க வேண்டும். போட்டோவில் இருக்கிற அமைப்பு நடக்காமல் இருப்பதற்கென்றே போட்டது. இல்லை என்று எழுதினால் ஒரு சொல்லோடு முடிந்துவிடும், ஷெர்லினும் போய்விடுவாள். மாதவன் இரண்டு நாள் ஒன்றும் எழுதவில்லை. ஷெர்லின் கேட்கவும் இல்லை. வேலைக்குப் போனாள், நடந்தாள், வந்தாள். அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் போன் வந்தது. அவள் கையில் மாவு இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"மேடம், தொட்டிக்கும் பலகைக்கும் எவ்வளவு தூரம் வெச்சிருக்கேள்? அடியில சொல்லுங்கோ. படம் வரைஞ்சுண்டிருக்கேன்."

ஷெர்லின் மாவுக் கையோடு அப்படியே நின்றாள். "பதினோரு அடி சார்."

"நாலு மேஜைக்கும் இதையே போட்டுடறேன். பிச்சமுத்துவும் சாயங்காலமானா முட்டியைத் தேய்ச்சுண்டுதான் போறார், நான் பாத்திருக்கேன். பழைய அமைப்பை ரத்து பண்ணச் சொல்லி நானே எழுதிட்டேன். காரணம்னு ஒரு பத்தி வேணும், அதை நீங்க எழுதிக் குடுங்கோ. ஆடுன்னு மட்டும் எழுதிடாதேங்கோ."

"சரிங்க சார்."

"ஏன் பதினொண்ணு? எட்டு போறாதா? பதினஞ்சு வெச்சா இன்னும் நன்னா இருக்குமா?"

"தெரியல சார். எடம் அவ்வளவுதான் இருந்துச்சு, அதான் வச்சேன். நாலு மேஜை இருக்குல்ல. ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு தூரம் வச்சுப் பாக்கலாமா?"

அந்தப் பக்கம் பென்சில் கிறுக்கும் சத்தம் கேட்டது. "எட்டு, பதினொண்ணு, பதினாலு" என்றார் மாதவன். "நாலாவதுக்கு எவ்வளவு போடட்டும்?"